வெளிக்கு வாடகை இல்லை, இடத்துக்கு உண்டு

2006ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் இரவு, நியூயார்க் நகரின் பௌரி தெருவில் 315ஆம் எண் கட்டடத்தில் பட்டி ஸ்மித் பாடி முடித்ததோடு சிபிஜிபி என்ற மதுக்கூடம் மூடப்பட்டது. 1973 டிசம்பரில் ஹில்லி கிரிஸ்டல் அதைத் திறந்தபோது அவர் மனத்தில் இருந்தது வேறு இசை. கன்ட்ரி, புளூகிராஸ், புளூஸ் ஆகியவற்றின் முதலெழுத்துகளைக் கோத்துத்தான் அந்தப் பெயரையே வைத்தார். வந்து சேர்ந்தவர்களோ டெலிவிஷன், ரமோன்ஸ், பிளாண்டி, டாக்கிங் ஹெட்ஸ். நீண்டு குறுகிய, கழிப்பறைக்குக் கெட்ட பெயர் பெற்ற அந்தக் கூடத்தில்தான், 1974இலிருந்து இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள், பின்னாளில் பங்க் என்று பெயர் பெற்ற இசை உருத்திரண்டது.

அது ஏன் மூடப்பட்டது என்பதை இசை வரலாறுகள் ‘வாடகைத் தகராறு’ என்ற ஒரே தொடரில் கடந்துவிடுகின்றன. எனக்கு அந்தத் தொடர்தான் முதன்மையாகப் படுகிறது. தகராறின் மறுபக்கத்தில் நின்றது பேராசை பிடித்த முதலாளி அல்ல. வீடற்றவர்களுக்குத் தங்குமிடம் நடத்தும் பௌரி ரெசிடென்ட்ஸ் கமிட்டி என்ற தொண்டு நிறுவனம். மாடியில் வீடற்றவர்கள் தங்கியிருந்தார்கள், கீழே கிட்டார் அதிர்ந்தது. 2005இல் சுமார் 91,000 டாலர் வாடகை பாக்கி என்று நிறுவனம் வழக்குப் போட்டது. வாடகை உயர்த்தப்பட்டது தமக்கு முறையாகத் தெரிவிக்கப்படவே இல்லை என்றார் கிரிஸ்டல். பாக்கி விவகாரம் ஒருபுறமிருக்க, முடிந்துபோன குத்தகையை நீட்டிக்க நிறுவனத்துக்கு விருப்பமில்லை. கிரிஸ்டல் 2007 ஆகஸ்டில் இறந்தார். 2008இல் அதே கூடத்தில் ஜான் வார்வாடோஸ் என்ற உயர்விலை ஆடை வடிவமைப்பாளரின் கடை திறக்கப்பட்டது. பழைய சுவரொட்டிகளும் கிறுக்கல்களும் நிறைந்த சுவரின் ஒரு பகுதியைக் கண்ணாடியிட்டுப் பாதுகாத்தார்களாம். அந்த மதுக்கூடத்தின் பெயர் பொறித்த பனியன்களை, அங்கே பாடியவர்களில் ஒருவர் பெயரும் தெரியாத பிள்ளைகள் உலகின் பல நகரங்களில் அணிந்து திரிகிறார்கள். பெயர் பிழைத்துக்கொண்டது, இடம் போயிற்று.

தொண்ணூறுகளிலிருந்து நம் திறனாய்வில் ‘வெளி’ என்ற சொல் நன்றாகப் புழங்கி வருகிறது. மாற்று வெளி, எதிர்ப்பின் வெளி, உரையாடலுக்கான வெளி. நானும் வகுப்பறையில் அதைத் தாராளமாகவே பயன்படுத்துகிறேன். அந்தச் சொல்லில் ஒரு வசதி இருக்கிறது: வெளிக்கு வாடகை கிடையாது, மின்கட்டணம் கிடையாது, அண்டை வீட்டார் காவல் நிலையத்துக்குப் போக மாட்டார்கள், இரவு இரண்டு மணிக்கு யாரும் கூட்டிப் பெருக்க வேண்டியதில்லை. இடத்துக்கு இவை அத்தனையும் உண்டு. பங்க், ராக் ஆகியவற்றில் பெருவணிகத்துக்கு அப்பால் வளர்ந்த மரபை, அவர்கள் அண்டர்கிரவுண்ட் என்று அழைப்பதை, நாம் கலகம், மறுப்பு, எதிர்ப்பண்பாடு என்ற சொற்களால் விளங்கிக்கொள்ளப் பார்க்கிறோம். அவை தவறல்ல. ஆனால் அந்த மரபு எங்கே நிலைத்தது, எங்கே அழிந்தது என்று கேட்டால் விடை பாடல்களில் இல்லை. சாவி யார் கையில் இருந்தது, வாசலில் யாரை உள்ளே விட்டார்கள், மறுநாள் யார் கழுவித் துடைத்தார்கள் என்பதில் இருக்கிறது. இந்த இசையின் பெரும்பகுதியை என்னால் தொடர்ந்து அரைமணி நேரம் கேட்க முடியாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த இடங்களின் கதை மட்டும் என்னை விடுவதாக இல்லை.

கிரிஸ்டல் ஒரு விதி வைத்திருந்தார். அவர் மேடையில் பாடுகிறவர்கள் சொந்தப் பாட்டையே பாட வேண்டும். பிறர் பாட்டை எடுத்துப் பாடக் கூடாது. கேட்பதற்கு ஓர் அழகியல் கொள்கை போல இருக்கிறது. பிறர் பாடல்களைப் பாடவைத்தால் உரிமைத் தொகை கட்ட வேண்டுமே என்ற கடைக்காரரின் கணக்கும் அதற்குப் பின்னால் இருந்தது என்பது பலரும் சொல்லும் செய்தி. விளைவு என்ன? புகழ்பெற்ற பாடல்களை அச்சுப் பிசகாமல் வாசிக்கத் தெரிந்த தேர்ந்த குழுக்களுக்கு அங்கே வேலை இல்லாமல் போயிற்று. மூன்று சுரக்கூட்டு மட்டுமே பிடிக்கத் தெரிந்தவர்கள் தங்களுக்கென்று எதையாவது கட்டியாக வேண்டியிருந்தது. ஓர் இசை வகையின் பிறப்பில் மேதைமைக்கு உள்ள பங்கை நான் மறுக்கவில்லை. கணக்குப் புத்தகத்துக்கும் ஒரு பங்கு கொடுங்கள் என்கிறேன். லண்டனில் ரோக்ஸி என்ற கூடம் 1976 டிசம்பர் முதல் பங்க் இசைக்கு இடம் தந்தது. குழுக்கள் மாறும் இடைவேளைகளில் போடுவதற்குப் போதுமான பங்க் இசைத்தட்டுகள் அப்போது வெளிவந்திருக்கவில்லை. அங்கே தட்டுப் போடும் வேலையில் இருந்த டான் லெட்ஸ் தம் வீட்டிலிருந்த ஜமைக்க ரெகே தட்டுகளைப் போட்டார். பிரிட்டிஷ் பங்க் இசைக்குள் ரெகே கலந்ததற்குத் தத்துவக் காரணங்கள் பல சொல்லப்படுகின்றன. தட்டுப் பற்றாக்குறையும் ஒரு காரணம்.

*

சான் பிரான்சிஸ்கோவில் இந்த இசைக்கு முதலில் இடம் தந்தது மபுஹாய் கார்டன்ஸ் என்ற பிலிப்பினோ உணவகம். 1980இல் வாஷிங்டனிலிருந்து டீன் ஐடில்ஸ் என்ற குழு, பள்ளிப் பருவத்தைத் தாண்டியும் தாண்டாத பையன்கள், கலிபோர்னியாவுக்கு வந்தது. மது அருந்தும் வயது வராதவர்களை உள்ளே விட மபுஹாய் ஒரு வழி வைத்திருந்தது: புறங்கையில் கறுப்பு மையால் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டுவிடுவார்கள். குறி இருந்தால் மது கிடையாது, பாட்டு உண்டு. ஊர் திரும்பிய பையன்கள் இதே முறையை வாஷிங்டனின் 9:30 கிளப்பிடம் எடுத்துச் சொன்னார்கள். குழு கலைந்தபோது சேர்த்து வைத்திருந்த சுமார் 600 டாலரைப் பங்கு போட்டுக்கொள்ளாமல் தங்கள் பாடல்களை இசைத்தட்டாக வெளியிட்டார்கள். டிஸ்கார்ட் என்ற வெளியீட்டகம் பிறந்தது அப்படித்தான். அந்த முதல் தட்டின் உறையில் குறுக்காக வைத்த இரு கைகள். புறங்கைகளில் பெருக்கல் குறி. சிறுவர்களை ஒதுக்கி அடையாளமிட்ட வாசற்காவலரின் மைக்குறி, குடிக்க மாட்டோம், போதைப்பொருளைத் தொட மாட்டோம் என்று தாமே முன்வந்து அறிவித்த இளைஞர்களின் கொடியாகிப் பல நாடுகளுக்குப் பரவியது.

அந்தக் குழுவில் இருந்த இயன் மெக்கே பின்னர் 1987இல் ஃபுகாஸி என்ற குழுவைத் தொடங்கினார். அவருடைய வாதம் எளிமையானது. இசை நிகழும் இடங்கள் மது விற்கும் இடங்களாகவே இருந்தால், இசையை யார் கேட்கலாம் என்பதை முடிவு செய்வது மது வணிகம். பதினைந்து வயதில்தான் பாட்டு ஒருவரைப் பிடித்து உலுக்குகிறது. அந்த வயதில்தான் வாசலில் நிறுத்திவிடுகிறார்கள். ஃபுகாஸி கூடியவரை எல்லா வயதினரும் வரக்கூடிய இடங்களில், பெரும்பாலும் 5 டாலர் கட்டணத்தில், தேவாலய அடித்தளங்களிலும் சமூகக் கூடங்களிலும் பாடியது. மேடைக்கு முன்னால் ஒருவன் அடுத்தவர்களை இடித்துத் தள்ளி அடாவடி செய்தால் பாட்டை நிறுத்துவார்கள். அவனுடைய 5 டாலரைத் திருப்பிக் கொடுத்து வெளியே அனுப்புவார்கள். இதைக் கேலி செய்தவர்கள் நிறையப் பேர். பங்க் என்றாலே கட்டற்றது, அதில் என்ன ஒழுங்குப் பள்ளி என்றார்கள். கூட்டத்தின் ஓரத்தில் நசுங்கிக்கொண்டிருந்த பெண் பிள்ளைகளிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

*

விதிகள் உள்ள கலகத்துக்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு கலிபோர்னியாவின் பெர்க்லியில் இருக்கிறது. கில்மன் தெரு, 924ஆம் எண். தொழிற்கூடங்களும் கிடங்குகளும் நிறைந்த பகுதியில் ஒரு கட்டடம். 1986 டிசம்பர் 31ஆம் நாள் அங்கே முதல் கச்சேரி நடந்தது. தொடக்கத்தில் பணமும் முனைப்பும் தந்தவர்களில் முக்கியமானவர் டிம் யோஹானன். ‘மேக்ஸிமம் ராக்அண்ட்ரோல்’ என்ற பங்க் இதழை நடத்தியவர். 1977இல் வானொலி நிகழ்ச்சியாகத் தொடங்கி 1982இல் இதழாகி, 2019 வரை அச்சில் வந்த இதழ் அது. விளம்பரத்தில் கட்டுப்பாடு, ஊதியமில்லா உழைப்பு, ஆசிரியர் குழுவுக்குள் ஓயாத சண்டை. சிற்றிதழ் வாசகர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

கில்மன் உறுப்பினர் அமைப்பு. தொடக்கக் காலத்தில் ஆண்டுக்கு 2 டாலர் கட்டி அட்டை வாங்கினால்தான் கச்சேரிக்கே நுழையலாம். அட்டை வாங்கியவருக்கு உறுப்பினர் கூட்டத்தில் வாக்கும் உண்டு. எல்லா வயதினருக்கும் அனுமதி. மது கிடையாது, போதைப்பொருள் கிடையாது, அடிதடி கிடையாது. இனவெறி, பெண்ணிழிவு, தற்பாலினத்தோர் மீதான வெறுப்பு எதற்கும் மேடை கிடையாது. பெரிய இசை நிறுவனங்களோடு ஒப்பந்தம் செய்துகொண்ட குழுக்களுக்கும் மேடை கிடையாது. சுவரில் எழுதிப் போட்ட இந்த விதிகளைக் காப்பதும், வாசலில் பணம் வாங்குவதும், ஒலிக்கருவியைக் கவனிப்பதும், கழிப்பறை கழுவுவதும் தொண்டர்கள், அவர்களில் பாதிப் பேர் பதின்வயதினர். ஒரு பள்ளிப் பிள்ளை அங்கே முதலில் கற்றுக்கொண்டது கிட்டார் அல்ல, ஒரு கூட்டத்தில் கை தூக்கிப் பேசுவதும் துடைப்பத்தைப் பிடிப்பதும்தான் என்று நினைக்கிறேன்.

1988இல் யோஹானனும் இதழும் ஒதுங்கிக்கொண்டார்கள். நட்டம், காயம்பட்டவர் வழக்கு, சோர்வு. மதுக்கூடமாக இருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். நடத்துபவர் போனால் கடை போயிற்று. கில்மனில் தொண்டர்களில் ஒரு பகுதியினர் சேர்ந்து மீண்டும் கதவைத் திறந்தார்கள். விதியும் கூட்டமும் பழகியிருந்ததால், நிறுவியவர் இல்லாமலும் இடம் நடந்தது. சிபிஜிபிக்கும் கில்மனுக்கும் உள்ள வேற்றுமை இந்த ஒன்றில் அடங்கிவிடுகிறது. இசையாகப் பார்த்தால் சிபிஜிபி தந்தது பெரிது, அதில் எனக்கு ஐயமில்லை. இடமாகப் பார்த்தால் கில்மன்தான் பெரிய சாதனை.

அதே விதிகளின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். கில்மனில் பதின்வயதில் பாடி வளர்ந்த க்ரீன் டே குழு 1993இல் பெரிய நிறுவனம் ஒன்றோடு ஒப்பந்தம் செய்தது. அடுத்த ஆண்டு வந்த அவர்களுடைய ‘டூக்கி’ அமெரிக்காவில் மட்டும் 1 கோடிப் படிகளைத் தாண்டி விற்றது. விதிப்படி அந்த மேடை அவர்களுக்கு மூடிக்கொண்டது. ஊட்டி வளர்த்த வீட்டுக்குள் நுழைய முடியவில்லை என்ற வருத்தம் அவர்களுக்கு இருந்தது. இது வெறும் வறட்டுத் தூய்மைவாதம் என்று அன்றும் பலர் சொன்னார்கள். நான் இதில் விதியின் பக்கம் நிற்கிறேன். ஒரு கோடிப் பேர் கேட்கும் குழுவுக்கு உலகம் முழுவதும் மேடை இருக்கிறது. சில நூறு பேர் கொள்ளும் அந்த அறை, முதல் பாட்டை இன்னும் சரியாக முடிக்கத் தெரியாத அடுத்த குழுவுக்கு வேண்டும். கதவை மூடியது தண்டனை என்று நான் பார்க்கவில்லை, பந்தியில் சாப்பிட்டவர் எழுந்து இலையை விடுவது போன்றது. 2015 மே மாதம், தீ விபத்தால் பாதிக்கப்பட்ட ஏகே பிரஸ் பதிப்பகத்துக்கும் அதன் அண்டை அச்சகத்துக்கும் நிதி திரட்ட க்ரீன் டே கில்மனில் மீண்டும் பாடியது. விதியைத் தளர்த்தி உறுப்பினர்கள்தான் அனுமதித்தார்கள். அதுவும் சரியே.

ஆனால் 1994 மே மாதம் அதே கூடத்தில் நடந்ததற்கு எந்த நியாயமும் இல்லை. டெட் கென்னடிஸ் குழுவின் பாடகர் ஜெல்லோ பியாஃப்ராவைச் சிலர் சூழ்ந்துகொண்டு, விலைபோனவன் என்று திட்டி அடித்தார்கள். அவருடைய கால் கடுமையாகக் காயப்பட்டது. எந்தப் பெரிய நிறுவனத்துக்கும் போகாமல், சொந்தமாக ஒரு சிறு வெளியீட்டகத்தை நடத்திக்கொண்டிருந்த மனிதர் அவர். வறுமையே சான்றிதழ் என்று ஆகிவிட்டால், சற்றே பெயர் தெரிந்தவரெல்லாம் துரோகியாகத் தெரிவார். நிறுவனத்துக்கு எதிரான மனநிலை மெல்ல மெல்லப் புகழுக்கு எதிரானதாகவும், அங்கிருந்து ஆளுக்கு எதிரானதாகவும் திரிவதை நாமும் சிறிய வட்டங்களில் பார்த்திருக்கிறோம். அடிதடி கிடையாது என்று சுவரில் எழுதியிருந்த இடம் அது. எழுதி வைத்தால் மட்டும் போதாது போலும்.

இங்கே ஒரு தமிழாசிரியனின் சிறு விலகல். மேக்ஸிமம் ராக்அண்ட்ரோல் 1992 முதல் ஒரு கையேட்டை ஆண்டுதோறும் வெளியிடத் தொடங்கியது. அதன் தலைப்பில் ஒரு வசைச்சொல் இருப்பதால் இங்கே எழுதவில்லை. எந்த ஊரில் எந்தக் கூடம் புதிய குழுக்களுக்கு இடம் தரும், யார் வீட்டுத் தரையில் படுக்கலாம், எந்தக் கடை தட்டுகளை வாங்கிக்கொள்ளும் என்று ஊர் ஊராகத் தொகுத்த பட்டியல் அது. முன்னே போய்வந்தவர்கள் பின்னே வருகிறவர்களுக்குச் சொல்வது. நமக்கு இதற்கு ஒரு பெயர் இருக்கிறது: ஆற்றுப்படை. பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன் எதிரில் வரும் பசித்த பாணனிடம் எந்த வழியில் போ, எந்த நிலத்தில் எந்த உணவு கிடைக்கும், யார் வாயில் அடைக்கப்படாதது என்று சொல்லும் அமைப்பு. சிறுபாணாற்றுப்படையின் வழி முடியும் இடத்தில் நல்லியக்கோடன் இருக்கிறான். இந்தக் கையேட்டில் வள்ளல் இல்லை, தரைவிரிப்பை உதறிப் போட்டு இடம் தருகிற இன்னொரு பாணன்தான் இருக்கிறான். ஆற்றுப்படை நூல்களில் பாதி வழியும் உணவும் என்று சலித்துக்கொள்ளும் மாணவர்களுக்கு நான் இனி இந்தக் கையேட்டைத்தான் சொல்லப் போகிறேன். கலைஞனுக்கு வழியும் உணவும் சிறிய செய்திகள் அல்ல.

*

வாடகையைப் பணமாகத்தான் கட்ட வேண்டும் என்பதில்லை. கிழக்கு ஜெர்மனியில் மேடையேறி வாசிக்க விரும்பும் எவரும் அரசின் தேர்வுக் குழு முன் வாசித்துக் காட்டித் தரச்சான்று பெற்றாக வேண்டும். சான்று இல்லாதவர் பொது மேடையில் வாசிப்பது குற்றம். பங்க் குழுக்களுக்கு அந்தச் சான்று கிடைக்கும் வாய்ப்பே இல்லை. அரசின் அனுமதி தேவைப்படாத கூரை ஒன்றே ஒன்று இருந்தது: புரோட்டஸ்டன்ட் தேவாலயம். ஒதுக்கப்பட்ட இளைஞர்களுக்குக் கதவைத் திறந்து வைப்பது என்ற கொள்கையோடு சில போதகர்களும் ஊழியர்களும் அங்கே இயங்கினார்கள். கடவுளை நம்பாத, தலைமுடியை நட்டுக்குத்தலாக நிறுத்திய பிள்ளைகள் தேவாலய அடித்தளத்தில் ஒத்திகை பார்த்தார்கள். 1983 ஏப்ரல் 30ஆம் நாள் ஹாலே நகரின் கிறிஸ்துஸ் தேவாலயத்தில் நாட்டின் பல ஊர்களிலிருந்தும் பங்க் குழுக்கள் கூடிப் பாடின. அதே ஆண்டு ஆகஸ்டில் கிழக்கு பெர்லினின் நாமென்லோஸ் குழுவினர் பாடல் வரிகளுக்காகக் கைது செய்யப்பட்டு, பின்னர் சிறைத்தண்டனை பெற்றார்கள். நாமென்லோஸ் என்றால் பெயரற்றவர் என்று பொருள்.

இதைக் கலைக்கும் சமயத்துக்கும் இடையே மலர்ந்த நட்பு என்று மட்டும் எழுதிவிட எனக்குத் தயக்கமாக இருக்கிறது. சபைகளுக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தது. அந்த இரைச்சலைச் சகித்துக்கொண்ட முதிய விசுவாசிகளைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. இன்னொரு பக்கம், ரகசியப் போலீசான ஸ்டாசியின் காது அந்த அடித்தளங்களிலும் இருந்தது. ட்ஸ்விட்ஷர்மஷீனே என்ற குழுவில் பாடிய சாஷா ஆண்டர்சன் கவிஞரும்கூட. கிழக்கு பெர்லினின் பிரென்ஸ்லாவர் பெர்க் பகுதியில், தணிக்கைக்கு அப்பால் இயங்கிய எழுத்தாளர் வட்டத்தின் நடுநாயகமாக விளங்கியவர். 1991இல் கவிஞர் வோல்ஃப் பியர்மன், ப்யூக்னர் பரிசு ஏற்புரையில், ஆண்டர்சன் ஸ்டாசியின் ஒற்றர் என்று வெளிப்படையாகச் சொன்னார். ஆவணங்கள் அதை உறுதி செய்தன. மாற்று இலக்கியத்தின் ஒருங்கிணைப்பாளரே அரசுக்கு அறிக்கை எழுதிக்கொண்டிருந்தார் என்பது அந்த வட்டத்தின் மொத்தப் படைப்புகள் மீதும் இன்றுவரை நிழலாகப் படிந்திருக்கிறது. இரவலாகக் கிடைத்த இடத்துக்கு இப்படியும் ஒரு விலை.

1987 அக்டோபர் 17ஆம் நாள் கிழக்கு பெர்லினின் சீயோன் தேவாலயத்தில் மேற்கு பெர்லினிலிருந்து வந்த எலிமென்ட் ஆஃப் கிரைம் குழுவும் டீ ஃபிர்மா குழுவும் பாடின. கச்சேரி முடியும் வேளையில் நவநாஜி இளைஞர்கள் கூட்டமாகப் புகுந்து வந்திருந்தவர்களை அடித்தார்கள். வெளியே நின்ற காவல்துறை கையைக் கட்டிக்கொண்டிருந்தது. எங்கள் நாட்டில் நாஜிகளே இல்லை என்று சாதித்து வந்த அரசு, அதன் பிறகு அப்படிச் சொல்ல முடியவில்லை. அந்த உண்மை வெளியே வந்ததற்குக் காரணம், இத்தனை பேர் சேர்ந்து நிற்க ஒரு கூரை இருந்ததுதான்.

*

இடமில்லாதபோது என்ன நடக்கிறது என்பதற்குப் பாடல்களைவிடத் தீயணைப்புத் துறை அறிக்கைகளே நல்ல ஆவணம். கில்மனிலிருந்து சில மைல் தொலைவில் ஓக்லண்டில் கோஸ்ட் ஷிப் என்ற கிடங்கில் 2016 டிசம்பர் 2ஆம் நாள் இரவு தீப்பிடித்து 36 பேர் இறந்தார்கள். அன்று நடந்தது பங்க் கச்சேரி அல்ல, மின்னணு இசை நிகழ்ச்சி. ஆனால் அதே வகை மனிதர்கள், அதே வகை வறுமை. கிடங்கில் குடியிருக்கவோ கச்சேரி நடத்தவோ அனுமதி கிடையாது. மரப்பலகைகளால் கட்டிய ஏணிப்படி, புதிர்ப்பாதை போல அறைகள், தெளிக்கும் கருவி இல்லாத கூரை. சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் வாடகை ஏறிய வேகத்தில் கலைஞர்கள் இப்படிப்பட்ட இடங்களுக்குத்தான் ஒதுங்க முடிந்தது. தீக்குப் பின் பல நகரங்கள் இத்தகைய இடங்களைச் சோதனையிட்டுக் காலி செய்யவைத்தன. பாதுகாப்பான இடத்தை யாரும் மாற்றாகத் தரவில்லை.

அதற்கு முந்தைய ஆண்டு, 2015 அக்டோபர் 30ஆம் நாள், ருமேனியாவின் புக்காரஸ்ட் நகரில் பழைய காலணித் தொழிற்சாலைக் கட்டடத்தில் இயங்கிய கோலெக்டிவ் அரங்கில், குட்பை டு கிராவிடி என்ற குழு பாடிக்கொண்டிருந்தபோது மத்தாப்பின் பொறி ஒலித்தடுப்பு நுரைப்பஞ்சில் பற்றியது. 64 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் அன்றிரவு இறக்கவில்லை. மருத்துவமனைகளில் கிருமித் தொற்றாலும் போதிய சிகிச்சையின்மையாலும் பின்னர் இறந்தார்கள். சில நாட்களுக்குள் பிரதமர் பதவி விலக நேர்ந்தது. மறு ஆண்டு, மருத்துவமனைகளுக்கு விற்கப்பட்ட கிருமிநாசினிகள் நீர்த்துப்போனவை என்று ஒரு விளையாட்டு நாளிதழின் செய்தியாளர்கள் அம்பலப்படுத்தினார்கள்.

தலைமறைவு இசையைக் கொண்டாடி எழுதும் நண்பர்களோடு நான் முரண்படுவது இங்கேதான். விதியை மீறுவதன் கவர்ச்சியைப் பற்றி அவர்கள் எழுதும்போது, தீவிபத்து வழிக்கும் கூரையின் பஞ்சுக்கும் அந்தக் கவர்ச்சியை நீட்டிவிடுகிறார்கள். அவசர வாயிலைப் பூட்டாமல் வைப்பது முதலாளித்துவத்துக்கு அடிபணிவது ஆகாது. மறுபுறம், தீ நடந்த மறுநாள் முத்திரையோடு வந்து நிற்கும் நகராட்சிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: பிள்ளைகள் பாடுவதை நிறுத்த மாட்டார்கள், இன்னும் மோசமான கட்டடத்துக்குப் போவார்கள்.

ஆகவே பேச்சு மீண்டும் பத்திரத்துக்கே வருகிறது. நியூயார்க்கில் சிபிஜிபியின் ஞாயிறு பிற்பகல் கச்சேரிகள் அடிதடியால் நின்றுபோன காலத்தில் அவற்றின் இடத்தைப் பிடித்தது ரிவிங்டன் தெருவில் இருந்த ஏபிசி நோ ரியோ. 1980இல் பூட்டிக் கிடந்த நகராட்சிக் கட்டடம் ஒன்றுக்குள் கலைஞர்கள் அத்துமீறி நுழைந்து கண்காட்சி வைத்ததில் பிறந்த இடம். வெளியேற்றப் பல ஆண்டு முயன்ற நகராட்சி, கடைசியில் 2006இல், சிபிஜிபி மூடப்பட்ட அதே ஆண்டில், கட்டடத்தை 1 டாலருக்கு அவர்களுக்கே விற்றது. விற்கும்போது கட்டடம் இடிந்துவிழும் நிலையில் இருந்தது. 2017இல் இடிக்கத்தான் நேர்ந்தது. ஆனால் மனை அவர்களுடையது.

இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் 1981இல் வேலையற்றோர் உதவித்தொகை பெறுவோரின் சங்கத்தினர் ஒரு மன்றம் தொடங்கினார்கள். உதவித்தொகை பெறுவோரில் பன்னிருவரில் ஒருவர் ஏமாற்றுக்காரர் என்று அரசு விசாரணை ஒன்று கூறியிருந்தது. அந்த அவதூறையே பெயராக வைத்துக்கொண்டார்கள்: ஒன் இன் டுவெல்வ் கிளப். வாடகை அறைகளில் அலைந்து, 1988இல் ஆல்பியன் தெருவில் தமக்கென்று கட்டடம் பெற்றார்கள். அங்கே பங்க் கச்சேரியோடு நூலகமும் சமையலறையும் சேர்ந்து நடந்தன.

இப்போது அதே நாட்டில் இந்த வழியைப் பெரிய அளவில் முயல்கிறார்கள். 2014இல் தொடங்கப்பட்ட மியூசிக் வென்யூ டிரஸ்ட் என்ற அறக்கட்டளையின் கணக்கில் 2023இல் மட்டும் 125 சிற்றரங்குகள் நேரடி இசையை நிறுத்தின. கச்சேரிக் கூடத்தின் அருகே புதிதாக வீடு கட்டுபவர்தான் ஒலித்தடுப்புக்குச் செலவு செய்ய வேண்டும் என்று இங்கிலாந்தின் திட்டமிடல் கொள்கை 2018இல் திருத்தப்பட்டது நல்ல செய்தி. ஆனால் வாடகையை அது தொடுவதில்லை. எனவே அந்த அறக்கட்டளையின் முன்முயற்சியில் ஒரு சங்கம் அமைத்து, இசை கேட்பவர்களிடமே பங்குகள் விற்று, அரங்கக் கட்டடங்களை விலைக்கு வாங்கத் தொடங்கியிருக்கிறார்கள். 2023 அக்டோபரில் வாங்கிய முதல் கட்டடம் மான்செஸ்டர் பக்கம் ஆதர்ட்டன் என்ற பழைய நிலக்கரி ஊரில் உள்ளது. பெயர் தி ஸ்னக். பகலில் காப்பிக்கடை. நூறு பேர் நின்றால் நெரிசல்.